மூன்றாம் எண் டேப்லெட்டின் திங்கட்கிழமைகள்

“டீச்சர், வந்துருச்சா?”

திங்கட்கிழமை காலை ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வரும். வணக்கமோ நலம் விசாரிப்போ கிடையாது, எடுத்த எடுப்பில் இந்தக் கேள்விதான். நான் டீச்சர் இல்லை. மதுரை கே.கே. நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் நடக்கும் மனநல ஆய்வு ஒன்றில் புள்ளியியல் வேலை பார்ப்பவள். எண்களோடு மல்லுக்கட்டுகிற பெண் என்றால் அவள் கணக்கு டீச்சராகத்தான் இருக்க முடியும் என்று அண்ணன் முதல் நாளே முடிவுகட்டிவிட்டார். எங்கள் களப்பணியாளர்கள் மூவரில் மூத்தவர் அவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அண்ணன். அவர் கேட்கிற நேரத்தில் என் கணினித் திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்திருக்கும். “வந்துருச்சுண்ணே” என்பேன். “அப்ப நான் கெளம்புறேன்” என்பார். வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்கும், போன் நின்றுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பேச்சு வாரம் தவறாமல் நடந்தது. வந்து விழுந்த வரியை ஒரே ஒரு முறை தவிர நான் திறந்து பார்த்ததில்லை. அந்த ஒரு முறையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று விளங்காது. கொட்டாம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில், அதே ஆட்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேடிப்போய், அதே பத்துக் கேள்விகளைக் கேட்டு வர வேண்டும். மனச்சோர்வுக்கு ஐந்து கேள்வி, பதற்றத்துக்கு நான்கு. பத்தாவது கேள்வி தனி: செத்துப்போனால் தேவலை என்று நினைப்பு வருகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்தான். இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும். இவற்றுக்குச் சைபர் முதல் மூன்று வரை மதிப்பெண். ஒருவரை ஒரு நாள் கேட்டால் கிடைப்பது ஒரு புள்ளி. அவரையே வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் அது கோடாகும். எல்லோருடைய கோடுகளையும் ஒரே தாளில் போட்டால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அந்தக் குப்பைக்குள்ளிருந்து சில பொதுப் பாதைகளைப் பிரித்தெடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான்கு பாதைகள் எடுத்தேன். தொடக்கத்திலிருந்தே தாழ்வாகவே கிடக்கிறவர்கள், உயரத்திலிருந்து மெல்ல இறங்கித் தேறுகிறவர்கள், உயரத்திலேயே நின்றுபோனவர்கள், தாழ்வாகத் தொடங்கிச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறவர்கள். இந்த நான்காவது கூட்டத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பதற்காகத்தான் ஆய்வே நடந்தது. நான் அதில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அந்தப் பத்துக் கேள்விகளும் அச்சில் இருந்த தமிழை யாராலும் வாயால் கேட்க முடியாது. ‘கடந்த இரு வாரங்களில் அன்றாடச் செயல்களில் ஈடுபாடு குன்றியுள்ளதா’ என்று களத்து மேட்டில் நிற்கும் ஒருவரிடம் கேட்டால் அவர் நம்மைப் பார்த்துத்தான் பரிதாபப்படுவார். அண்ணன் அதை “எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குதா?” என்று கேட்பார். தூக்கத்துக்கு, “படுத்தா தூக்கம் வருதா, இல்ல முகட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கீகளா?” என்பார். முதல் ஆண்டில் ஒருமுறை அவரோடு களத்துக்குப் போயிருந்தேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தார். கேள்விகளை ஒவ்வொன்றாக இடையில் போட்டார். அந்த அம்மா, “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்றால் இவர் பேசாமல் இன்னும் நான்கு கடலை உரிப்பார். அதற்குள் அந்த அம்மாவே வாயைத் திறந்துவிடுவார். சில தெருக்களில் அவரை வாசலுக்கு உள்ளே வரச் சொல்ல மாட்டார்கள். எந்தத் தெரு என்று சொல்லாமலே அவருக்குத் தெரியும். “வெளியவே இருப்போம் டீச்சர், காத்து வருதுல்ல” என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தக் காடுகளில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அதே வீடுகளுக்கு வேலையாகப் போன முதல் ஆள் அவர்தான். அதைப் பெருமையாகச் சொன்னதுமில்லை, புலம்பியதுமில்லை. எதையும் கேலியாக்கிவிடுவார். “அண்ணன்கிட்டப் பேசினாலே பாதி வியாதி போயிரும்” என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வோம். மீதிப் பாதி எங்கே போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை உண்டு. படிவத்தின் அடியில் குறிப்புக்கு ஒரு கட்டம் இருக்கும். மற்ற இருவரும் அதைக் காலியாக விடுவார்கள். அண்ணன் எழுதித் தள்ளுவார். ஆடு வளர்க்கும் ஒரு பெண் பத்துக் கேள்விக்கும் சைபர் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் அவள் மதிப்பெண் மிக அதிகம். எனக்கு அவள் தேறிவிட்டவள், அழகான இறங்குகோடு. அண்ணன் குறிப்பில், ‘பொய் சொல்லுது. கண்ணைப் பார்த்துப் பேசல. புருசன் வாசல்ல நின்னான்’ என்று எழுதியிருந்தார். நான் போன் போட்டு, பாதைகளைப் பிரிக்கும் என் கணக்கு மாடலில் குறிப்புக்கு இடம் கிடையாது, எண் மட்டும்தான் உள்ளே போகும் என்றேன். “அப்ப நான் எழுதுறத யாரு படிப்பா?” என்று கேட்டார். “யாரும் படிக்க மாட்டாங்கண்ணே. கட்டம் இருக்குன்னு இருக்கு, அம்புட்டுத்தான்” என்றேன். “நல்லாருக்கு போங்க, படிக்க ஆளில்லாத இடத்துக்கா நான் இம்புட்டு எழுதிக்கிட்டுக் கெடந்தேன்” என்று சிரித்தார். பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் சொன்னபடி அந்தப் பெண்ணின் மதிப்பெண் அடுத்த தடவை எகிறியது. நான் அதைத் ‘தரவில் இரைச்சல்’ என்று ஒதுக்கினேன்.

இனி திங்கட்கிழமைக் கதை. களப்பணியாளர்கள் பதில்களைப் பதியும், ஞாயிறு முழுக்க அணைந்து கிடக்கும் டேப்லெட்டுகள் திங்களன்று ஒழுங்காக அனுப்புகின்றனவா என்று தெரிய வேண்டும். அதற்காக மூவரும் களத்துக்குக் கிளம்பும் முன் ஒரு டெஸ்ட் பாரம், அதாவது சோதனைப் படிவம், நிரப்பி அனுப்புவார்கள். ஆள் எண் 999 என்று போட்டு, பத்துக் கேள்விக்கும் சைபர் அழுத்தி அனுப்பினால் போதும். அது என்னிடம் வந்தால் டேப்லெட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாரக் கடைசியில் 999 வரிகளை எல்லாம் ஒரே கட்டளையில் கழித்துக் கட்டிவிட்டு, மிச்சத்தை மாடலுக்குக் கொடுப்பேன். இன்னொரு ஏற்பாடும் இருந்தது. யாராவது பத்தாவது கேள்விக்கு இல்லை என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் சொன்னாலும் அந்த நிமிடமே எங்கள் ஆய்வின் மனநல மருத்துவருக்கு எச்சரிக்கைச் செய்தி போகும். அவர் அன்றைக்கே அந்த ஆளோடு பேசுவார். அதனால் பிழைத்தவர்கள் உண்டு. எனக்கே சிலரைத் தெரியும்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை மருத்துவர் எனக்குப் போன் செய்தார். “யாரும்மா இந்த 999? வெளிய நோயாளிங்க உக்காந்திருக்காங்க, எனக்கு அபாயச் செய்தி வந்திருக்கு” என்றார். எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் எண் டேப்லெட், அது அண்ணனுடையது. பத்தாவது கேள்விக்குச் ‘சில நாள்’ என்று இருந்தது. எனக்கு எரிச்சல். உடனே அவரைப் பிடித்தேன்.

“அண்ணே, டெஸ்ட் பாரத்துல எல்லாம் சைபர் போடணும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன். கடைசிக் கேள்வியில ஒண்ண அழுத்தி வச்சிருக்கீங்க. டாக்டர் பதறிப்போயிட்டாரு.”

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. “கை பட்டுருச்சு டீச்சர். வயசாகுதுல்ல, வெரலு தடிச்சுப் போச்சு.”

“பாத்து அழுத்துங்கண்ணே.”

“சரி டீச்சர். இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு வராது.”

அன்றைக்கு அந்த வரியில் மற்ற ஒன்பது பதில்களும் என் கண்ணெதிரிலேயே இருந்தன. அவற்றிலும் பாதிக்கு மேல் சைபர் இல்லை. நான் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது தவறு எங்கே என்பது மட்டும்தான், அது கிடைத்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, எச்சரிக்கை அனுப்பும் கணினி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ஆள் எண் 999 என்றால் எச்சரிக்கை அனுப்பாதே. ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மூவரையும் வைத்துக்கொண்டு, “இனிமே 999ல நீங்க எதை அழுத்தினாலும் யாருக்கும் போகாது. பயப்படாம அழுத்துங்க” என்றேன். என் வாயால் சொன்ன சொல் இது. எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து என் நான்கு பாதைகளையும் பெரிய தாளில் வண்ணத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். மிக்சரும் டீயும் வரவழைத்தேன். ஏறிக்கொண்டே போகிறவர்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தேன். எல்லோரும் பார்த்துவிட்டு நகர்ந்த பிறகும் அண்ணன் டீ டம்ளரோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அதைப் பார்த்து, “மதினி டயட்ல வச்சிருக்காங்க போல” என்று கிண்டல் செய்தவள் நான்தான்.

“டீச்சர், இந்தா மேல ஏறுதே செவப்புக் கோடு. இதுல இருக்க ஆளுகளுக்குத் தெரியுமா, தாங்க ஏறிக்கிட்டு இருக்கோம்னு?”

நான் பாடம் எடுத்தேன். “ஒரு ஆளு இந்தக் கூட்டத்துலதான் இருக்காருன்னு உறுதியாச் சொல்ல முடியாதுண்ணே. இருக்குறதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னுதான் சொல்லலாம். அதுக்கும் குறைஞ்சது நாலஞ்சு தடவ கேட்டிருக்கணும்” என்றேன்.

“நாலஞ்சு தடவ கேட்டிருந்தாப் போதுமா?”

“தாராளமாப் போதும்.”

அவர் தலையாட்டிக்கொண்டார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குள் நாற்பது, ஐம்பது தடவை தன் பதில்களை என்னிடம் அனுப்பியிருந்த மனிதர் அவர்.

கடைசித் திங்கட்கிழமை எனக்கு ஓர் அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “வந்துருச்சா?” என்ற கேள்விக்கு “ம்” என்று மட்டும் சொன்னேன். “அப்ப சரி டீச்சர்” என்றார். வழக்கமான “கெளம்புறேன்” அன்றைக்கு இல்லை. அதை இப்போது சொல்கிறேன், அன்றைக்குக் கவனித்தேனா என்றால் இல்லை. வியாழக்கிழமை காலை, மனைவி நூறுநாள் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு அண்ணன் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

சாவுக்கு அலுவலகமே போனது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. இப்படிச் சிரித்த மனிதன், அதுவும் இதே வேலையில் இருந்த மனிதன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம். பந்தலுக்கு அடியில் அவருடைய அம்மா மருமகளைச் சுட்டிக்காட்டி அழுதார். “இவ சொன்ன சொல்லுதான் என் பிள்ளையக் கொண்டுபோயிருச்சு” என்றார். என்ன சொல் என்று எனக்கு மதினியே பிறகு சொன்னார். அண்ணன் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குக் காலை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், அண்ணன் போவதாக இருந்தது. இவர் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான்காம் முறை மதினி சொன்னாராம்: “நீங்க இந்த வீட்டுல இருக்கதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்.” பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் அது விழுந்திருக்கிறது. அவ்வளவு போதாதா. பதினாறாம் நாளுக்குள் தெரு முழுக்க, சொந்தம் முழுக்க, மதினிதான் கொன்றவர் என்று ஆகிவிட்டது. “நாந்தான் கொன்னேன்” என்று அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “அப்படி இல்ல மதினி” என்றேன். எப்படி இல்லை என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஒரு மாதம் போயிருக்கும். மூன்றாம் எண் டேப்லெட்டைப் புது ஆளுக்குக் கொடுப்பதற்கு முன் அதிலிருந்து வந்தவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். நான் வாராவாரம் கழித்துக் கட்டியது என் பிரதியில் இருந்துதான். மூலக் கோப்பில் எதுவும் அழிவதில்லை. டேப்லெட் எண்ணை வைத்துப் பிரித்தபோது 999 வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எல்லாம் திங்கட்கிழமை, எல்லாம் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில். மற்ற இரண்டு டேப்லெட்டுகளின் டெஸ்ட் பாரங்களில் சைபர் தவிர எதுவும் இல்லை. இதில் எண்கள் இருந்தன. டேப்லெட் கோளாறு என்று முதலில் நினைத்தேன். கோளாறு கண்டபடி குதிக்கும். இவை குதிக்கவில்லை. ஒன்று, அடுத்த வாரமும் ஒன்று, பிறகு இரண்டு. எனக்குத் தெரிந்த ஒரே வேலை கோடு போடுவது, போட்டேன். பதற்றம் முதலில் ஏறியது. நான்கு மாதம் கழித்து அதன் பின்னாலேயே சோர்வு ஏறியது. பத்தாவது கேள்வி, நான் அவரைத் திட்டிய திங்கட்கிழமைக்கு அடுத்த வாரம் மட்டும் சைபர். அதற்கடுத்த வாரம், யாருக்கும் போகாது என்று நான் சொன்ன பிறகு, மறுபடியும் ஒன்று. அதிலிருந்து அது ஒருமுறைகூடச் சைபருக்குத் திரும்பவில்லை. கடைசி மூன்று வாரங்களில் பதற்றம் சட்டென்று விழுந்திருந்தது, முடிவெடுத்துவிட்டவரின் அமைதி போல. பத்தாவது கேள்விக்கு மட்டும் மூன்று, மூன்று, மூன்று.

கெட்டுப்போன புத்தி விடவில்லை. அந்த வரிகளை என் மாடலுக்குக் கொடுத்து, எந்தப் பாதை என்று கேட்டேன். தயங்காமல் சிவப்பு என்றது. பிறகு முதல் ஆறு மாதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் சிவப்பு. ஆள் உயிரோடு இருக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் செய்து வைத்த மாடல் நன்றாகவே வேலை செய்தது. அவர் வரிகளை அதற்குக் காட்டாமல் ஒளித்து வைத்ததும் நான்தான். அன்றைக்கு அலுவலகக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு விடை கிடையாது, கிடைக்கவும் போவதில்லை. அவர் ஏன் உண்மையை அழுத்தினார்? 999ஐ யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால், ஊரெல்லாம் கேட்கிற கேள்வியைத் தனக்கும் ஒருமுறை கேட்டுக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது என்று நினைத்தாரா? அல்லது கோடு போடுகிற இவள் என்றைக்காவது பார்க்காமலா போவாள் என்று வாராவாரம் காத்திருந்தாரா? முதலாவது என்றால் என்னால் ஓரளவு மூச்சு விட முடியும். இரண்டாவது என்றால், அந்த “டீச்சர், வந்துருச்சா?” என்பதெல்லாம் அவர் என்னைக் கேட்ட கேள்வி ஆகிறது. நான் நூறு தடவை “வந்துருச்சு” என்று பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பழகியவள் நான். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவரிடம் கோட்டைக் காட்டிச் சொன்னேன். அவர், “நீங்க ஒரு ஆள் மட்டும் காரணம் இல்லம்மா. நானும்தான் அந்த 999 யாருன்னு கேட்டுட்டு விட்டுட்டேன்” என்றார். நடந்ததை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை நிரலிலிருந்து நீக்கினேன். கூட்டங்கள் நடந்தன, புது விதிகள் வந்தன. இவை எல்லாம் எளிது. செய்யாமல் விட்டது ஒன்றுதான், மதினியைப் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் காலை நேரத்துச் சொல்லால் அண்ணன் போகவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் கையில் இருந்தது. அதைக் காட்டினால் வேறு யார் காரணம் என்றும் காட்ட வேண்டியிருக்கும். ஐந்து மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அந்த ஐந்து மாதமும் ஒரு பெண் செய்யாத கொலைக்குத் தெருவில் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தேன். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தச் சோர்வுக் கோட்டை ஒற்றைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினேன். மதினி அடுப்படியில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மகளை ஊரிலேயே இருக்க விடாமல் தன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். “இங்கன இருந்தா பிள்ள காதுபடவே பேசுறாக” என்றார். நான் தாளைத் தரையில் விரித்தேன். இது அண்ணன் அனுப்பியது, ஒவ்வொரு புள்ளியும் ஒரு திங்கட்கிழமை, மேலே போகப் போக மனசு கெட்டிருக்கிறது என்று அர்த்தம் என்று சொன்னேன். அவர் ஒன்பதாவது வரை படித்தவர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். விரலைக் கோட்டின் மேலேயே வைத்து நகர்த்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்கன ரெண்டு புள்ளி எறங்கியிருக்கே, இது எப்ப?”

நாள் சொன்னேன்.

“தை மாசம். அவுக தங்கச்சி பிள்ளைகளெல்லாம் வந்து கெடந்துச்சுக. வீடு நெறஞ்சிருந்துச்சு.” விரல் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல ஏறிக் கடைசிப் புள்ளிக்குப் போனது. “அப்ப நான் சொன்ன சொல்லுக்கு முன்னாடியே இம்புட்டு ஒசரம் போயிட்டாரா?”

“ஆமா மதினி. ஒன்றர வருசமா ஏறிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க சொன்னதால இல்ல.”

அவர் அழவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“இது அம்புட்டும் யாருக்கு அனுப்புனாரு?”

“எனக்குத்தான்.”

“ஒங்களுக்கு வந்துச்சா?”

அதே கேள்வி. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது.

“வந்துச்சு மதினி. எல்லாம் வந்துச்சு. நான் பாக்கல.”

நிரலில் சேர்த்த வரியையும், பயப்படாமல் அழுத்துங்கள் என்று சொன்னதையும் சொன்னேன். ஐந்து மாதம் வராமல் இருந்ததையும் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். சோற்றை வடிக்கக்கூட இல்லை. என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. திரும்பி வந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“எந்திரிங்க. எங்க அத்தைகிட்ட வந்து இதையே சொல்லுங்க.”

இரண்டு வீடு தள்ளி அண்ணனின் அம்மா இருந்தார். மதினி உள்ளே வரவில்லை, வாசலில் நின்றுகொண்டார். அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லை, கோட்டைக் காட்டிப் பயனில்லை. வாயால் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “அப்ப ஒனக்குத் தெரியும்ல. தெரிஞ்சும் பேசாம இருந்தியா?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லலாம், அது ஒருவகையில் உண்மைதான். “ஆமாம்மா” என்றேன். வெளியே வந்ததும் மதினி அடுத்த வீட்டைக் காட்டினார். அன்றைக்குக் காலை அவர் சொன்ன சொல்லைக் காதில் வாங்கித் தெருவுக்குச் சொன்ன வீடு அது. அங்கேயும் போய்ச் சொன்னேன். கடைசியில் பஸ் நிறுத்தம் வரை மதினி கூட வந்தார். பஸ் வந்தபோது, “பிள்ளையக் கூட்டிட்டு வாரேன் இனிமே” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. நானும் வாரேன் என்று சொல்லத் துணியவில்லை.

நான் இன்னும் அதே மேல்மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. விட்டால் அந்தக் கோப்பு வேறு யார் கைக்காவது போகும், அவர்களும் 999ஐக் கழித்துக் கட்டுவார்கள் என்ற பயத்தில் இருக்கிறேன். சுவரிலிருந்த நான்கு வண்ணப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன திங்கட்கிழமை ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. மூன்றாம் எண் டேப்லெட் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண்ணிடம் இருக்கிறது. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கலகலப்பாகப் பேசுவாள், எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும்.

“மேடம், வந்துருச்சா?”

“இரும்மா. படிச்சிட்டுச் சொல்றேன்.”

வரியைத் திறந்தேன். பத்துக்கும் சைபர். ஒரு பதிலையும் தாண்டாமல் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் காத்திருந்தாள், பின்னால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“வந்துருச்சும்மா. நீ எப்படி இருக்க? படுத்தா தூக்கம் வருதா?”

சிரித்துவிட்டு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அந்தப் பக்கம் வண்டியை அணைத்த சத்தம் கேட்டது.